தோசைக் காட்சியில் என்ன சிரிப்பு

விமான நிலையத்தில் எனக்கென்று ஒரு சக்கர நாற்காலி வைத்திருந்தார்கள். எனக்குக் காது கேட்காது. கால் நன்றாகத்தான் இருக்கிறது. திருக்கோகர்ணத்து வீட்டிலிருந்து டவுன் மார்க்கெட் வரை நடந்து போய், இரண்டு கையிலும் பையோடு நடந்தே திரும்புகிறவள் நான். டிக்கெட் எடுக்கும்போது என் மகள் ‘காது கேளாதவர்’ என்று குறிப்பிட்டிருக்கிறாள். அதைப் படித்த மகராசன் எவனோ, ஊனம் என்றால் ஊனம்தானே, உட்கார வைத்துத் தள்ளுங்கள் என்று முடிவு கட்டிவிட்டான். நாற்காலியோடு நின்ற ஊழியர், "உக்காருங்கம்மா" என்றார். நடந்து வருகிறேன் என்றேன். அவர் இருக்கையைத் தட்டிக் காட்டினார். நான் இன்னொரு முறை சொன்னேன். என் குரல் எந்த உயரத்தில் வெளியே வருகிறது என்று எனக்குத் தெரியாது. வரிசையில் நின்றவர்கள் மொத்தப் பேரும் திரும்பியதை வைத்துக் கொஞ்சம் உயரம்தான் என்று தெரிந்துகொண்டேன். கடைசியில் என் கைப்பை அந்த நாற்காலியில் உட்கார்ந்து போனது. நான் பக்கத்தில் நடந்து போனேன்.

காது கேளாதவளுக்கு என்ன வேண்டும் என்று அவளிடமே ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் இவர்களுக்கு என்ன குறைந்துவிடும் என்று எனக்குப் புரிந்ததே இல்லை. எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. விமானத்தில் இருக்கைக்கு முன்னால் உள்ள சின்னத் திரையில் என் மகன் வசனம் எழுதிய படம் இருக்கிறது என்று மகள் சொல்லியிருந்தாள். அதில் ஒரு காட்சியில் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று எனக்குத் தெரிய வேண்டும். அதற்குப் படத்தின் அடியில் தமிழில் இரண்டு வரி எழுத்து ஓடினால் போதும்.

மகனுக்கு மூன்று வயது, மகள் கைக்குழந்தை. அப்போது எனக்கு ஒரு காய்ச்சல் வந்தது. போகும்போது காதையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டது. பேச்சு போகவில்லை. எதிரே நின்று நிதானமாகப் பேசினால் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வேன். அதிலும் நம் பக்கத்து ஆளாக இருக்க வேண்டும். மெட்ராஸ்காரர்கள் உதட்டை அசைப்பதற்கே கூலி கேட்பவர்கள். முதுகுக்குப் பின்னால் யார் என்ன சொன்னாலும் எனக்கு அது சொல்லாத பேச்சுதான்.

என் மகனுடைய குரல் எனக்குள் மூன்று வயதோடு நின்றுவிட்டது. "அம்மா, தூக்கு" என்று காலைக் கட்டிக்கொள்கிற குரல். அவன் மீசை முளைத்து, திருச்சியில் காலேஜ் முடித்து, சென்னைக்குப் போய்ச் சினிமாவில் சேர்ந்த பிறகும், அவன் வாய் அசையும்போது எனக்குக் கேட்டது அந்தக் குரல்தான். முப்பது வயது ஆம்பளை சிகரெட் வாசனையோடு வந்து நின்று, "பஸ்ஸுக்கு நேரமாச்சு, வாரேன்" என்பான். எனக்குள் மழலை கேட்கும். இதைச் சொன்னால் சிரிப்பார்கள் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. அவன் ஒரு படத்துக்குக் கதை, வசனம் எழுதியிருக்கிறான் என்றதும் எனக்கு வந்த சந்தோஷம் மற்ற அம்மாக்களுக்கு வருகிற சந்தோஷம் இல்லை. இத்தனை வருஷம் நான் தவறவிட்ட பேச்சை இரண்டரை மணி நேரத்தில் மொத்தமாக வாங்கிக்கொள்ளப் போகிறேன் என்று நினைத்தேன்.

படம் வந்த அன்று தியேட்டர் வாசலில் சொந்தக்காரர்கள் ஃபிளெக்ஸ் கட்டினார்கள். எங்கள் பக்கத்தில் காதுகுத்தானாலும் கருமாதியானாலும் ஃபிளெக்ஸ் கட்டாமல் யாருக்கும் சோறு இறங்காது. நடுவில் என் மகன் கறுப்புக் கண்ணாடியோடு, மேலே ஒரு வட்டத்துக்குள் நான், கீழே பங்காளிகள் வரிசையாகக் கைகூப்பிக்கொண்டு. சினிமாவுக்குப் போகிறான் என்றதும் ‘உருப்படாத பய’ என்று ஊர் முழுக்கச் சொன்ன அவன் சித்தப்பாவின் முகம்தான் அதில் எல்லாரையும்விடப் பெரிதாக இருந்தது. என் படத்துக்கு அடியில் ‘வீரத்தாய்’ என்று போட்டிருந்தார்கள். நான் எந்தச் சண்டைக்குப் போனேன் என்று தெரியவில்லை. உள்ளே என்னை நடு வரிசையில் உட்கார வைத்து, விளக்கு அணைவதற்கு முன் என் நாத்தனார் ஒரு சால்வையைப் போர்த்திவிட்டாள்.

தமிழ்ப் படம் பார்ப்பது என் போன்றவர்களுக்கு என்ன பாடு என்று காது உள்ளவர்களுக்குத் தெரியாது. கதாநாயகி வடக்கேயிருந்து வந்தவள். அவள் வாய் ஏதோ ஒரு பாஷையில் அசையும், குரலை வேறு யாரோ கொடுத்திருப்பார்கள். சிலர் வசனத்துக்குப் பதிலாக ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிவிட்டுப் போவார்களாம். கதாநாயகனுக்கு வாயை மூடிய தாடி. வில்லன் இருட்டைத் தேடிப் போய்த்தான் பேசுவான். அந்தப் படத்தில் எனக்குத் தெளிவாகப் புரிந்தது புகை பிடித்தால் உடம்புக்குக் கேடு என்பது ஒன்றுதான். எவன் சிகரெட் பற்ற வைத்தாலும் அதைத் தமிழில் எழுதிக் காட்டினார்கள். ஆக, திரையில் தமிழ் எழுதுவது எப்படி என்று தெரியாதவர்கள் இல்லை.

இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் அந்தக் காட்சி வந்தது. கதாநாயகனுடைய அம்மா அடுப்படியில் தோசை சுடுகிறாள். அவள் முகம் நம்மைப் பார்த்து இருக்கிறது. பின்னால் தரையில் மகனும் கூட்டாளிகளும் தட்டோடு உட்கார்ந்திருக்கிறார்கள், மங்கலாகத் தெரிகிறார்கள். அவள் உள்ளங்கையைத் தோசைக் கல்லுக்கு மேலே பிடித்துச் சூடு பார்த்தாள். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. மற்றவர்கள் தண்ணீர் தெளித்து, சுர்ரென்ற சத்தத்தில் கல் காய்ந்ததா என்று தெரிந்துகொள்வார்கள். எனக்குச் சத்தம் கிடையாது. நான்தான் கையைப் பிடித்துப் பார்ப்பேன். என் கையைப் பிள்ளை சினிமாவில் வைத்துவிட்டானே என்று கண் கலங்கியது.

அவள் மாவை ஊற்றினாள். தியேட்டர் சிரித்தது. சிரிப்பு எனக்கு நாற்காலிக் கையில் தெரியும், பாதத்தில் தெரியும், முன்னால் இருப்பவர்களின் தோள் குலுங்குவதில் தெரியும். அவள் தோசையை எடுத்துக்கொண்டு திரும்புகிறாள்; மகன் பல்லெல்லாம் காட்டித் தட்டை நீட்டுகிறான்; அவள் அவன் தலையைத் தடவிவிட்டு அடுப்புக்குத் திரும்புகிறாள். மறுபடி சிரிப்பு. இப்படி மூன்று தோசை. மூன்றாவது தோசைக்கு என் நாற்காலியே ஆடியது. ஒரு பொம்பளை தோசை சுடுகிறாள், இதில் என்ன சிரிப்பு? நாத்தனாரைப் பார்த்தேன், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் பார்த்தேன், பங்காளி வீட்டார் எல்லாரும் திரையை விட்டுவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெருமையாகப் பார்க்கிறார்கள் என்று நினைத்து நானும் சிரித்தேன். வாய்விட்டே சிரித்தேன். சால்வையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

வெளியே வந்ததும் நாத்தனாரிடம் கேட்டேன். "தோசை சுடுறப்ப அங்கிட்டு என்ன பேசுனாங்க?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல அண்ணி. சும்மா பேசிக்கிறாங்க."

"சும்மா பேசுனதுக்கா அந்தச் சிரிப்பு?"

"காமெடிண்ணி" என்று சொல்லிவிட்டு ஆட்டோ பிடிக்கப் போய்விட்டாள்.

மகனிடம் கேட்டேன். அவனுக்கு என்னிடம் நின்று பேசப் பொறுமை கிடையாது, போனில் தட்டித்தான் காட்டுவான். ‘டைமிங் காமெடிம்மா. எழுதிக் காட்டினா சிரிப்பு வராது’ என்று தட்டினான். எழுதிப் பிழைக்கிறவன் சொல்கிறான், எழுதினால் சிரிப்பு வராதென்று. படத்தின் அடியில் தமிழில் எழுத்துப் போட்டிருந்தால் உன்னைத் தொந்தரவு பண்ணியிருக்க மாட்டேனே என்றேன். இதற்கு மட்டும் வாயாலேயே பதில் வந்தது. "தமிழ்ப் படத்துக்கு எதுக்கும்மா தமிழ்ல எழுத்து? தமிழ் தெரிஞ்சவங்கதானே பாக்குறாங்க?" அம்மா எதிரே நிற்கிறேன். தமிழ் தெரிந்தவள், காது கேளாதவள், இவனைப் பெற்றவள். அவன் கணக்கில் அப்படி ஒரு ஆள் உலகத்திலேயே இல்லை.

படம் ஒரு வாரம்கூடத் தாக்குப் பிடிக்கவில்லை. ஃபிளெக்ஸைக் கழற்றி யாரோ மாட்டுக் கொட்டகைக்குக் கூரையாகப் போட்டுவிட்டார்கள். போனில் படம் காட்டுகிற கம்பெனிகளும் வாங்கவில்லை, டி.வி.க்காரர்களும் வாங்கவில்லை. ஒரு விமானக் கம்பெனிதான் வாங்கியது. ஆட்களை இடுப்பில் பெல்ட் போட்டுக் கட்டி ஆகாயத்தில் உட்கார வைத்தால்தான் அந்தப் படத்தைப் பார்ப்பார்கள் என்று கண்டுபிடித்திருக்கிறார்கள். என் மகள் வளைகுடா நாட்டில் நர்ஸாக இருக்கிறாள். அண்ணன் எழுதிய படத்தை அவள் பார்த்ததில்லை, அந்த ஊருக்கு அது வரவே இல்லை. விமானக் கம்பெனியின் படப் பட்டியலில் பெயரைப் பார்த்துவிட்டு எனக்குச் சேதி அனுப்பினாள். அவளைப் பார்க்கப் போக வேண்டும் என்று வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தவள் நான். அந்தச் சேதி வந்த வாரமே பாஸ்போர்ட்டை எடுத்துத் தூசி தட்டினேன்.

விமானம் கிளம்புவதற்கு முன் பணிப்பெண்கள் நடைவழியில் நின்று பெல்ட் போடுவது, ஆக்ஸிஜன் முகமூடியை மாட்டுவது, மிதவைச் சட்டையை ஊதுவது எல்லாவற்றையும் கையால் செய்து காட்டினார்கள். எனக்கு ஒன்றுகூட விட்டுப்போகவில்லை. காது உள்ளவர்கள் ஒருவரும் தலை நிமிரவில்லை. விமானம் கடலில் விழுந்தால் என்ன செய்வதென்று அந்த வரிசையில் எனக்கு மட்டும்தான் தெரியும். சாகிற நேரத்துக்கு வேண்டியதை எல்லாம் காட்டிவிட்டார்கள், உயிரோடு உட்கார்ந்திருக்கிற நேரத்துக்குத்தான் வழி செய்யவில்லை.

பிறகு எல்லாருக்கும் ஹெட்போன் கொடுத்துக்கொண்டு வந்தார்கள். எனக்கும் ஒன்றை நீட்டினார்கள். காதைத் தொட்டுக் கையை விரித்துக் காட்டினேன். அந்தப் பெண் நன்றாகப் புரிந்ததுபோல் தலையாட்டிவிட்டுப் போய், இன்னும் பெரிதாக, பஞ்சு வைத்த ஹெட்போன் ஒன்றை எடுத்து வந்தாள். மொட்டைத் தலைக்குப் பெரிய சீப்பு. முகத்தில் மட்டும் உபகாரம் செய்துவிட்ட பூரிப்பு. வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன், வேறென்ன செய்ய?

பக்கத்து இருக்கையில் நாற்பது வயதிருக்கும் ஒருவர். ஊர் விராலிமலைப் பக்கம், வளைகுடாவில் ஏ.சி. மெக்கானிக், லீவு முடிந்து திரும்புகிறார். முகத்தைச் சுத்தமாக மழித்திருந்தார். அதற்காகவே அவரை எனக்குப் பிடித்துவிட்டது. காது கேட்காது, நேரே பார்த்துப் பேசுங்கள் என்றதும் உடம்பையே என் பக்கம் திருப்பி உட்கார்ந்துகொண்டார். நம் பக்கத்து வாய், அகலமாகத் திறந்து அசைகிற வாய்.

"என்ன படம்க்கா பாக்கணும்?"

மகன் படத்தைத் தேடி எடுத்துக் கொடுத்தார். அடியில் எழுத்து வேண்டுமா என்று கேட்கிற இடம் ஒன்று இருந்தது. அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார். "எழுத்து வேணாம்னா வேணாம்னு அமுக்கலாம்க்கா. வேணும்னா அரபி."

"தமிழ் இல்லையா?"

"இல்லக்கா. இங்கிலீசு கூட இல்ல."

இங்கிலீஷ் இருந்திருந்தாலும் எனக்குப் பயனில்லை. எழுத்துக் கூட்டிப் பஸ் போர்டு படிக்கிற இங்கிலீஷ் என்னுடையது. பணிப்பெண்ணைக் கூப்பிட்டோம். அவள் சொன்னதை மெக்கானிக் எனக்குச் சொன்னார். "தமிழ்ப் படத்துக்குத் தமிழ்ல எழுத்து வராதாம்க்கா. தமிழ் தெரியாதவங்களுக்குத்தான் எழுத்தாம்." என் மகனும் இந்தப் பெண்ணும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் போலிருக்கிறது. தமிழ் தெரிந்து காது கேட்காதவர்கள் என்ன செய்வார்கள் என்று கேட்கச் சொன்னேன். அவள் குனிந்து என் திரையைத் தொட்டு ஒரு பொம்மைப் படத்தை ஓட விட்டுவிட்டுப் போனாள். ஒரு முயல் கேரட்டைத் துரத்திக்கொண்டு ஓடியது. "இதுல பேச்சே கெடையாதாம்க்கா, அதான்" என்றார் மெக்கானிக். சொல்வதற்கே அவருக்கு வெட்கமாக இருந்தது. பேரன் பேத்தி எடுக்கிற வயதில் எனக்கு முயல். இதே திரையில் இன்னொரு பக்கத்தில் வெளியே எவ்வளவு குளிர், தரை எவ்வளவு கீழே என்று ஒன்று விடாமல் எழுதிக் காட்டுகிறார்கள். யார் இறங்கிப் போய் அந்தக் குளிரில் நிற்கப் போகிறார்கள்?

"நான் கேட்டுச் சொல்றேன்க்கா" என்றார் மெக்கானிக். "எனக்கும் பொழுது போகணும்ல."

அந்த ஹெட்போனை அவரே மாட்டிக்கொண்டார். ஒரு கண் திரையில், ஒரு கண் என் மேல். யார் என்ன பேசினாலும் அப்படியே திருப்பிச் சொன்னார். பொம்பளை பேசினால் முகத்தையும் கொஞ்சம் கோணிக்கொள்வார். இது என் மகன் எழுதியது என்று சொன்னபோது, "அட, நம்மூரு ஆளா!" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். காது போன பிறகு முதல் தடவையாக ஒரு தமிழ்ப் படம் எனக்குப் புரிந்துகொண்டிருந்தது.

புரிந்ததில் முதலாவது, என் மகன் எழுதியது படுமோசம் என்பதுதான். கதாநாயகன் வில்லனைப் பார்த்து, "நீ வெடின்னா நான் திரிடா" என்கிறான். அடுத்த நொடி எரிந்து சாம்பலாகப் போகிறவனா இப்படிப் பெருமை பேசுவான்? காதலி, "உன் நிழலுக்குக் கூட நான் நிழலா இருப்பேன்" என்கிறாள். மெக்கானிக்கே இதைச் சொல்லிவிட்டு ஒரு மாதிரி பார்த்தார். அத்தனை நாள் ஓடியதே அதிகம். ஆனாலும் நான் அத்தனையையும் விடாமல் வாங்கிக்கொண்டேன். குப்பையானாலும் என் பிள்ளை வாயிலிருந்து வந்த குப்பை. அதற்குத்தானே இவ்வளவு தூரம் வந்தேன்.

தோசைக் காட்சி வந்தது. அவள் உள்ளங்கையைக் கல்லுக்கு மேலே பிடித்தாள். நான் திரையை விட்டுவிட்டு மெக்கானிக்கின் வாயையே பார்த்தேன். அவர் முதலில் சிரித்தார், தோள் குலுங்கச் சிரித்தார். பிறகு என்னைப் பார்த்தார். குழாயை மூடியதுபோல் சிரிப்பு நின்றது. வாய் அசையவில்லை.

"என்ன தம்பி சொல்றாங்க?"

"ஒண்ணுமில்லக்கா. சும்மா பேசிக்கிறாங்க."

நாத்தனார் சொன்ன அதே வார்த்தை. நான் திரையைத் தொட்டுப் படத்தை நிறுத்தினேன். "இத எனக்கு ஊர்லயே சொல்லிட்டாங்க. நீங்க வேற ஏதாச்சும் சொல்லுங்க."

"சவுண்டு சரியாக் கேக்கலக்கா."

"இவ்வளவு நேரம் கேட்டுச்சே."

"வேணாம்க்கா. ஒங்க மகன் எழுதுனதுங்கிறீங்க."

"அதுனாலதான் வேணும்" என்றேன். முன்வரிசையில் ஒரு தலை திரும்பியது, ஆகக் கத்தியிருக்கிறேன்.

அவர் படத்தைப் பின்னால் ஓட்டினார். ஹெட்போனைச் சரிசெய்துகொண்டு முழுசாக என் பக்கம் திரும்பினார். உதட்டை மட்டும் அசைத்தார். சத்தம் வெளியே விடவில்லை என்று தொண்டையைப் பார்த்தால் தெரிந்தது. வேறு யார் காதிலும் விழக் கூடாது என்று நினைத்திருக்கிறார். அந்த மரியாதை எனக்கு அதுவரைக்கும் யாரும் செய்யாதது.

"அந்த அம்மாவுக்குக் காது கேக்காதுக்கா. படத்துல" என்றார் முதலில். தியேட்டரில் அதுகூட எனக்குப் பிடிபட்டிருக்கவில்லை.

முதல் தோசை. அம்மா இருக்காங்கடா, மெதுவாப் பேசு என்கிறான் கூட்டாளி. "நீ பேசு மாப்ள. அது ஆளா? அடுப்புல அது ஒரு பர்னரு" என்கிறான் மகன். அவள் திரும்புகிறாள். "சூப்பர்ம்மா!" என்று தட்டை நீட்டுகிறான்.

இரண்டாவது தோசை. "ஏ கெழவி, எப்பப் போய்ச் சேருவ? வீட்ட வித்தாத்தான எனக்குக் கல்யாணம்?" அவள் திரும்புகிறாள். "இன்னொன்னு போடும்மா, ஒன் கைக்கு ஈடு கெடையாது!"

மூன்றாவது தோசைக்கு எல்லாரும் சேர்ந்துகொள்கிறார்கள். அவள் முதுகைப் பார்த்துக் கும்பிட்டு, அவள் சாவுக்கு யார் கொட்டடிப்பது, யார் ஆடுவது என்று பங்கு பிரித்துக்கொள்கிறார்கள். அவள் திரும்பி ஒவ்வொரு தட்டிலும் தோசையைப் போட்டு, "நல்லா இருங்கப்பா" என்று மகன் தலையைத் தடவுகிறாள்.

இதற்குத்தான் நாற்காலி ஆடியது. இதற்குத்தான் நான் சால்வையைச் சரிசெய்துகொண்டு சிரித்தேன்.

மெக்கானிக், "சினிமாதானக்கா, கற்பனைதானே" என்றார். தலையாட்டினேன். பாவம், நல்ல மனுஷன். ஆனால் கற்பனை பண்ணுகிற அளவுக்கு என் மகனுக்குத் திறமை இல்லை என்பது அந்தப் படத்தின் முதல் அரை மணி நேரத்திலேயே தெரிந்துவிட்டது. அந்த உள்ளங்கையை அவன் கற்பனை பண்ணவில்லை. தலை தடவுவதைக் கற்பனை பண்ணவில்லை. காலேஜில் படித்த காலத்தில் சனிக்கிழமை ஆனால் கூட்டாளிகளைத் திருச்சியிலிருந்து கூட்டிக்கொண்டு வருவான். என் அடுப்பு சுவரைப் பார்த்து இருக்கும். அவர்கள் என் முதுகுக்குப் பின்னால் அடுப்படித் தரையில் தட்டோடு உட்காருவார்கள். சிரிப்பு தரை வழியாக என் பாதத்துக்கு வரும். திரும்பினால் எல்லா முகத்திலும் பல். கட்டை விரலைத் தூக்கிக் காட்டுவார்கள். வீடு கலகலவென்று இருக்கிறது, என் தோசைக்குப் பிள்ளைகளுக்கு எவ்வளவு சந்தோஷம் என்று இன்னும் ஒரு கரண்டி மாவு ஊற்றுவேன். மாவு தீர்ந்துபோனால் பக்கத்து வீட்டில் வாங்கி வந்து ஊற்றியிருக்கிறேன். அந்தச் சனிக்கிழமைகள் எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

மீதிப் படத்தை நான் பார்க்கவில்லை. அரபி எழுத்தை ஓடவிட்டுக்கொண்டு முன்வரிசையில் ஒருவர் அதே படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் மகன் என்னை என்ன சொன்னான் என்று ஊர் பேர் தெரியாத அவருக்கு எழுதிக் காட்டியிருக்கிறார்கள்.

மகள் விமான நிலையத்தில் கட்டிப்பிடித்துக்கொண்டு, "படம் பாத்தியாம்மா? புரிஞ்சுச்சா?" என்றாள். தமிழ் எழுத்து இல்லை என்று மட்டும் சொன்னேன். அவளுக்கு வந்தது கோபம். விமானக் கம்பெனிக்கு நீளமாக எழுதிப் போட்டாள். பதில் வந்தது: தாயாருக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு மிகவும் வருந்துகிறார்களாம், அடுத்த பயணத்தில் சக்கர நாற்காலி தவறாமல் கிடைக்க ஏற்பாடு செய்வார்களாம். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். என் மகனுடைய மொத்தப் படத்திலும் இவ்வளவு நல்ல காமெடி கிடையாது.

ஊர் திரும்பிய பிறகு ஒரு நாள் மகன் வந்தான். அடுத்த படத்துக்குத் திருமயம் கோட்டையை லொக்கேஷன் பார்க்க வந்தார்களாம். இவனை நம்பி அடுத்த படமும் எடுக்க ஒருவன் இருக்கிறான். கூட இரண்டு பேர். அதில் ஒருவன் பழைய சனிக்கிழமைக்காரன். முகம் எனக்கு மறக்கவில்லை. வந்ததும் உரிமையோடு அடுப்படித் தரையில் சம்மணம் போட்டான். "தோசை போடும்மா" என்றான் மகன்.

நான் அடுப்பை மேடையிலிருந்து தூக்கினேன். கேஸ் டியூப் அந்த நீளத்துக்கு எட்டும் என்று முன்பே பார்த்து வைத்திருந்தேன். அவர்களுக்கு எதிரே ஒரு பலகையைப் போட்டு அதன் மேல் அடுப்பை வைத்துக் கல்லைப் போட்டேன். நானும் தரையில் உட்கார்ந்தேன். எனக்கும் அவர்களுக்கும் நடுவில் தோசைக் கல் மட்டும்தான்.

"என்னம்மா, அடுப்ப இங்கிட்டு வச்சுட்ட?"

"நீங்க பேசுறது தெரியட்டும்னுதான்."

மகன் பழைய கூட்டாளியைப் பார்த்தான். கூட்டாளி தன் தட்டைப் பார்த்தான். உள்ளங்கையைக் கல்லுக்கு மேலே பிடித்துச் சூடு பார்த்து மாவை ஊற்றினேன். பிறகு நிமிர்ந்து, ஒவ்வொருவர் வாயாகப் பார்த்தேன். மென்றார்கள். விழுங்கினார்கள். யாரும் கட்டை விரலைத் தூக்கவில்லை. முதல் தோசை அப்படிப் போனது, இரண்டாவதும் போனது. புதிதாக வந்தவன் மட்டும் ஒன்றும் புரியாமல் சட்னி கேட்டான், போட்டேன். மூன்றாவது தோசையை மகன் தட்டில் போட்டு, "மூணாவது இது. சிரிங்கப்பா" என்றேன்.

தோசையைப் பிய்த்த அவன் கை அப்படியே நின்றது. பிறகு வாய் அசைந்தது. நம் பக்கத்து வாய், பெற்ற பிள்ளையின் வாய், ஒரு எழுத்துகூட எனக்குத் தவறவில்லை. "சும்மா சினிமாவுக்கும்மா" என்றான்.

உதட்டைப் படித்துவிட்டேன். வழக்கமாக அதோடு சேர்ந்து வருகிற அந்த மூன்று வயதுக் குரலுக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. மறுபடி ஏதோ சொன்னான், அப்போதும் வரவில்லை. அதற்குப் பிறகு இன்றுவரை அவன் பேசுகிறான், நான் படித்துக்கொள்கிறேன். அந்த வாய்க்கு யாருடைய குரலைக் கொடுப்பதென்று எனக்குத் தெரியவில்லை.